குர்: அகராதிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு சொல்

ஐரிஷ் மொழியில் ‘குர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஐரிஷ்-ஆங்கில அகராதி ஒன்றில் தேடினால் வைப்பது, அனுப்புவது, விதைப்பது, நடுவது, புதைப்பது, மழை பெய்வது, வாந்தி எடுப்பது என்று ஆங்கிலத்தில் அர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். எதுவும் கப்சா இல்லை. அத்தனையும் இன்றைக்கும் அந்த மொழியில் புழங்குபவை.

எனக்கு இந்தச் சொல் அகராதி வழியாக வரவில்லை, ஒரு ஜோக் வழியாக வந்தது. ஐரிஷ்காரர்களை ஆங்கிலத்தில் வாசிக்கிற பலருக்கும் அப்படித்தான் வந்திருக்கும். ஃப்ளான் ஓ’ப்ரையன் என்ற பெயரில் ‘அட் ஸ்விம்-டூ-பேர்ட்ஸ்’, ‘தி தர்ட் போலீஸ்மேன்’ நாவல்களை எழுதியவரின் இயற்பெயர் பிரையன் ஓ’நோலன். 1911இல் ஸ்ட்ராபேனில் பிறந்தவர். வீட்டில் ஐரிஷ் பேசி வளர்ந்தவர். பகலில் டப்ளினில் அரசாங்க உத்தியோகம். 1940இல் ‘ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழில் மைல்ஸ் ந கோப்பலீன் என்ற இன்னொரு புனைபெயரில் ‘க்ரூஷ்கீன் லான்’ என்ற பத்தியை ஆரம்பித்தார். தளும்பத் தளும்ப நிறைந்த சின்ன ஜாடி என்று அர்த்தம். 1966இல் சாகிற வரைக்கும் இடைவெளிகளோடு அது ஓடியது. அந்த ஜாடியிலிருந்து சிந்திய ஒரு துளிதான் குர்.

விஷயம் இதுதான். ஒரு பெண்மணி எங்கோ சொற்பொழிவில் ஐரிஷின் பெருமையைப் பேசுகிறார். சராசரி ஆங்கிலேயன் 400 சொற்களை வைத்துக் காலத்தை ஓட்டுகிறான், நம் கிராமத்து ஐரிஷ் விவசாயியோ 4,000 சொற்களைக் கையாள்கிறான் என்று. மைல்ஸ் இதை மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டு, இன்னும் ஒரு படி மேலே போகிறார். 4,000 எந்த மூலைக்கு, லட்சக்கணக்கில் சொல்லுங்கள் என்கிறார். ஒரே சொல் நேர் எதிரான இரண்டையும், நடுவில் இருக்கிற எல்லாவற்றையும் குறிக்கிற மொழி இது என்று சொல்லிவிட்டு, சான்றாக குர் என்ற சொல்லுக்கான அகராதிப் பதிவை எடுத்துப் போடுகிறார். பாதிரியார் டினீனின் அகராதியிலிருந்தும், தனக்கு மட்டுமே தெரிந்த சில ரகசிய மூலங்களிலிருந்தும் எடுத்ததாம்.

பட்டியல் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறது. வைத்தல், அனுப்புதல், விதைத்தல் என்று நாம் மேலே பார்த்தவை. அப்புறம் எங்கேயோ சறுக்குகிறது. மிருகங்களின் உடம்புக் கோளாறுகள் வருகின்றன. எந்தக் கடையிலும் கிடைக்காத சமையலறைச் சாமான்கள் வருகின்றன. தேவதைகளின் உறவுமுறைகள்கூட வருகின்றன. எல்லாமே குர். கடைசியில் ஒரு அர்த்தத்தின் நடுவிலேயே வாக்கியத்தை வெட்டி, போதும்டா சாமி என்று கைகழுவிவிடுகிறார்.

முதல் தடவை படித்தபோது நான் எங்கே சிரிக்க ஆரம்பித்தேன் என்பதைப் பின்னால் யோசித்துப் பார்த்தேன். மிருகங்கள் வருகிற இடத்தில் இல்லை. அதற்கும் முன்னாலேயே, மழையும் வாந்தியும் ஒரே மூச்சில் வருகிற இடத்திலேயே சிரித்துவிட்டேன். அதாவது மைல்ஸ் இன்னும் பொய் சொல்லவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் எனக்கு அது பொய்யாகப் பட்டுவிட்டது. இந்தப் பத்தியின் நிஜமான சாமர்த்தியம் பின்பாதியின் கற்பனையில் இல்லை (அந்தக் கற்பனை அபாரம்தான், சும்மா சொல்லக்கூடாது). உண்மைக்கும் கப்சாவுக்கும் நடுவில் தையலே தெரியாமல் இருப்பதுதான் சாமர்த்தியம். அதே காற்புள்ளி, அதே அகராதிக் குரல், அதே முகபாவம். ஐரிஷ் தெரியாத வாசகனுக்குக் கோடு எங்கே என்று தெரியாது. தெரியாததால் முழுவதையும் சேர்த்துச் சிரிக்கிறான், உண்மையையும் சேர்த்து.

எனக்கு உறுத்தியது இங்கேதான். அதற்குப் போவதற்கு முன்னால் டினீனுக்குக் கொஞ்சம் நியாயம் செய்துவிடலாம். அந்த மனுஷரை இலக்கிய உலகம் ஒரு நகைச்சுவைத் துணைப்பாத்திரமாகவே ஆக்கிவிட்டது.

பேட்ரிக் டினீன் 1860இல் கெர்ரி மாவட்டத்தில் பிறந்தவர். இயேசு சபையில் இருந்து 1900இல் வெளியே வந்தவர். ஓகன் ஓ ரஹிலி என்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞரின் பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். டப்ளின் தேசிய நூலகத்தில் அவர் நிரந்தர வாசி. ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலில் நூலக அத்தியாயத்தில் அவர் பெயர் ஒரு நொடி எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். 1904இல் அவருடைய ஐரிஷ்-ஆங்கில அகராதி வந்தது. லண்டனில் தொடங்கப்பட்ட ஐரிஷ் டெக்ஸ்ட்ஸ் சொசைட்டி என்ற அமைப்புக்காக வெளியான அகராதி அது. 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் எரிந்தபோது அதன் அச்சுத் தகடுகளும் எரிந்துபோயின. வேறு ஆளாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவர் திரும்ப ஆரம்பித்து, 1927இல் முன்னதைவிட நன்றாகவே பெருத்த பதிப்பைக் கொண்டுவந்தார். 1,300 பக்கங்களுக்கு மேல்.

அது வெறும் சொல்லடைவு இல்லை. சொல்லுக்குப் பக்கத்தில் பழமொழி வரும், விவசாயக் கருவியின் ஒரு பாகம் வரும், ஒரு ஊரில் மட்டும் சொல்கிற வழக்கு வரும். பேசுகிறவர்கள் செத்துக்கொண்டிருக்கிற மொழியில், கையில் கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டுகிறவனுக்கு எதை விடுவது என்று தெரியாது. வீடு தீப்பிடிக்கும்போது தூக்கிக்கொண்டு ஓடுகிற சாமான்களில் ஒழுங்கு எப்படி இருக்கும்? டினீனின் பதிவுகள் நெரிசலாக, சமயத்தில் விநோதமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மைல்ஸ் வருஷக்கணக்கில் அவரைச் சீண்டினார். ஆனால் அந்த அகராதியை அவ்வளவு ரசித்து, அவ்வளவு நெருங்கி வாசித்தவர் வேறு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதும் சந்தேகம்தான்.

சரி, குர் எப்படி வேலை செய்கிறது?

வினை ‘கிர்’. அதன் தொழிற்பெயர் குர். ஏதோ ஒன்று இங்கிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான் அதன் அடிப்படை அசைவு. மற்றதெல்லாம் கூட வருகிற பெயர்ச்சொல்லும் முன்னிடைச்சொல்லும் பார்த்துக்கொள்ளும். மழையைக் குர் செய்தால் மழை பெய்கிறது. பனியை, வியர்வையை, ரத்தத்தைக் குர் செய்தாலும் அப்படித்தான். ஒருவர் மேல் கேள்வியைக் குர் செய்தால் கேட்பது. டாக்டர் மேல் ‘தகவல்’ குர் செய்தால் அவருக்கு ஆள் அனுப்புவது. ஐரிஷில் சோகமும் கோபமும் ஒருவர் மேல் வந்து உட்காருகிற சமாச்சாரங்கள். நான் சோகமாக இருக்கிறேன் என்று சொல்வதில்லை, என் மேல் சோகம் இருக்கிறது என்பார்கள். அப்போது கோபமூட்டுவது என்றால் என்ன? ஒருவர் மேல் கோபத்தைக் குர் செய்வது.

இதில் எனக்குப் பிடித்தது ‘குர் அமாஹ்’. அமாஹ் என்றால் வெளியே. வெளியே குர் செய்தால் வாந்தி. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் குர் அமாஹ் இருக்கிறது என்றால், அந்த விஷயத்தில் எனக்குப் பரிச்சயம் உண்டு, விவரம் தெரியும் என்று அர்த்தம். வாந்திக்கும் ஞானத்துக்கும் ஒரே சொற்சேர்க்கை. மைல்ஸ் இதைக் கற்பனை செய்திருந்தால் கொஞ்சம் ஓவர் என்றிருப்போம். அதே மாதிரி ‘குர் இஷ்ட்யாஹ்’, உள்ளே குர் செய்வது: ஒருவரைத் தொந்தரவு செய்வதும் அதுதான், வேலைக்கு விண்ணப்பம் போடுவதும் அதுதான். (ரொம்பத் தப்பாகவும் சொல்லிவிடவில்லை.) கீழே குர் செய்தால் விவரிப்பது. புத்திக்குள் குர் செய்தால், ‘குர் இ கேல்’, பாசாங்கு.

இந்த இடத்தில் ஒரு காரியம் செய்து பார்த்தேன். பட்டியலின் முதல் பகுதியை, அதாவது நிஜமான பகுதியை, நண்பர்களுக்காகத் தமிழில் சொல்ல முயன்றேன். வைத்தல், அனுப்புதல், விதைத்தல்... சிரிப்பு வரவில்லை. ஏன் என்று யோசித்தால், நம் கையில் ‘போடு’ இருக்கிறது. கோழி முட்டை போடுகிறது, அம்மா காபி போடுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் சண்டை போடுகிறார், நர்ஸ் ஊசி போடுகிறார், போலீஸ் கேஸ் போடுகிறது, ரவுடி ஆளையே போட்டுவிடுகிறான். விதையும் போடுவோம், கணக்கும் போடுவோம், தூக்கமும் போடுவோம், பட்டை நாமமும் போடுவோம். தமிழ் தெரியாத ஒருவர் இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்தால், பிரசவத்திலிருந்து கொலை வரைக்கும் ஒரே சொல்லில் முடிக்கிற விநோத ஜனங்கள் என்று நம்மைப் பற்றியும் ஒரு பத்தி எழுதலாம். ஆனால் அம்மா காபி போடும்போது யாரும் கொலையை நினைப்பதில்லை.

அப்போதுதான் புரிந்தது, குர் என்ற சொல்லுக்கு ஐரிஷில் நாற்பது அர்த்தங்கள் இல்லை. ஐரிஷ் பேசுகிறவர் அந்த நாற்பதையும் சேர்த்து ஒருநாளும் சந்திப்பதில்லை. ஒவ்வொன்றும் அதனதன் பெயர்ச்சொல்லோடு, அதனதன் நேரத்தில் வந்துவிட்டுப் போகிறது. நாற்பதும் ஒரே அறையில் கூடுகிற ஒரே இடம் ஐரிஷ்-ஆங்கில அகராதி. அந்த எண்ணிக்கை ஆங்கிலத்தின் எண்ணிக்கை. ஆங்கிலம் ஒரு அசைவை நாற்பதாக வெட்டி வைத்திருக்கிறது. வெட்டப்படாத ஒன்றைப் பார்த்ததும் எண்ணிப் பார்த்து ஆச்சரியப்படுகிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்திலேயே ‘செட்’ என்ற சின்னச் சொல்லுக்குப் பெரிய அகராதிகள் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகின்றன. அதை யாரும் விநோதம் என்று சொல்வதில்லை, வளம் என்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு நானே ஒரு குழியில் விழுந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். உருளைக்கிழங்கை நடுவதும் குர், பிணத்தைப் புதைப்பதும் குர் என்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் வந்து, அடுத்த சில வருடங்களில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சத்துக்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். மேற்கிலும் தெற்கிலும் ஐரிஷ் மட்டுமே பேசிய ஏழைகள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். மொழியின் முதுகெலும்பு அங்கேதான் முறிந்தது. கிழங்கை நட்ட அதே சொல்லால் பிள்ளையையும் மண்ணில் வைத்திருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். எழுதும்போது ரொம்ப அழகாக இருந்தது. ரெண்டு நாள் கழித்துப் படித்தால் கூச்சமாக இருந்தது. நான் செய்ததும் அந்தச் சொற்பொழிவுப் பெண்மணி செய்ததும் ஒன்றுதான். வயலில் நிற்கிறவனுக்கு அது கிழங்குக்கான சொல். கல்லறையில் நிற்கிறவனுக்கு அது அடக்கத்துக்கான சொல். ரெண்டையும் முடிச்சுப் போட்டுக் கண்ணீர் விட அகராதி வைத்திருக்கிற வெளியாள் ஒருத்தன் தேவைப்படுகிறான். ஒரு ஐரிஷ் கவிஞர் வேண்டுமென்றே அந்த முடிச்சைப் போட்டால் அது கவிதை. நான் போட்டால் சுற்றுலா.

மைல்ஸ் அடித்தது இந்தச் சுற்றுலாவைத்தான் என்பதற்கு அவருடைய இன்னொரு புத்தகம் சாட்சி. 1941இல் அவர் ஐரிஷிலேயே எழுதிய ‘அன் பேல் போஹ்ட்’. ஏழை வாய் என்று நேர்ப்பொருள், நம் ஊர் வழக்கில் பஞ்சப்பாட்டு. அதில் ஒரு காட்சி. டப்ளினிலிருந்து ஒரு மொழிப்பித்தர் பதிவு செய்யும் கருவியோடு மேற்கே ஒரு குடிசைக்கு வருகிறார். இருட்டில் ஏதோ ஒன்று முனகிக்கொண்டே நுழைகிறது. மனுஷருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாததாலேயே இது மிக உயர்ந்த, மிகத் தூய ஐரிஷ் என்று முடிவு கட்டி ஒன்றுவிடாமல் பதிவு செய்கிறார். அது ஒரு பன்றி. அந்தப் பதிவு பெர்லின் வரை போய் அறிஞர்களின் பாராட்டைப் பெறுகிறது.

குர் பட்டியலும் இந்தப் பன்றியும் ஒரே ஜோக்தான். எவ்வளவு புரியவில்லையோ அவ்வளவு மதிப்பு, எவ்வளவு அர்த்தமோ அவ்வளவு பெருமை. 1937 அரசியல் சாசனம் ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்று அறிவித்துவிட்டது. மைல்ஸ் வேலை பார்த்த அலுவலகங்களில் அது தேசபக்திச் சான்றிதழாகவும் பதவி உயர்வுக்கான படியாகவும் ஆகியிருந்தது. அதை நேசிப்பதாகச் சொன்னவர்களில் பலர் அதில் ஒரு பால் கணக்குகூடப் பேச மாட்டார்கள். மைல்ஸுக்கு மொழி மேல் கோபம் இல்லை. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் மேல்தான்.

ஆனாலும் இரண்டு ஜோக்குகளையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பன்றியை அவர் ஐரிஷில் எழுதினார். அந்த மொழி தெரிந்தவன் மட்டுமே சிரிக்க முடியும், சிரிக்கும்போதே தன்னைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் செத்துப்போன பிறகு, 1973இல்தான் வந்தது. குர் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதினார், அதுவும் அன்றைய ‘ஐரிஷ் டைம்ஸ்’ வாசகர்களுக்கு. அவர்களில் கணிசமானவர்கள் ஆங்கிலமே பேசிய புராட்டஸ்டண்ட் நடுத்தர, மேல்தட்டு வர்க்கம். இந்த மொழி வேலைக்காகாது என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு இந்தப் பட்டியல் மொழிப்பித்தர்கள் மேலான கிண்டலாகவா போய்ச் சேர்ந்திருக்கும்? சொந்த வீட்டுச் சண்டையைத் தெருவில் நின்று, தெருவின் பாஷையில் போட்டுவிட்டார் மைல்ஸ். தெருவுக்கு அது வேடிக்கை.

அவர் உள்ளே இருந்து பேசுகிறார் என்பது அவருக்குப் பாதுகாப்பு. அவர் ஐரிஷ் இயற்கைக் கவிதை பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதியவர், அந்தப் பத்தியின் ஆரம்பகாலக் கட்டுரைகளைப் பெரும்பாலும் ஐரிஷிலேயே எழுதியவர். அந்தப் பாதுகாப்பு ஜோக்கோடு கூடவே பயணிப்பதில்லை. இன்றைக்கு அந்தப் பட்டியல் ஒரு துணுக்காகத் தனியாக உலவுகிறது. சொற்பொழிவுப் பெண்மணி இல்லை, டினீன் இல்லை, பன்றி இல்லை. பார்த்தீர்களா இந்த ஐரிஷ்காரர்கள் லூசுத்தனத்தை, என்கிற மாதிரிதான் என் கண்ணில் பட்ட பகிர்வுகள் இருந்தன. ஜோக் நல்ல ஜோக் என்பதே இதற்கு ஒரு காரணம். சுமாரான ஜோக்காக இருந்திருந்தால் அந்த நாளிதழோடு மட்கிப் போயிருக்கும்.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. 2020இல் மன்கான் மேகன் எழுதிய ‘தர்ட்டி-டூ வேர்ட்ஸ் ஃபார் ஃபீல்ட்’ வந்து பரவலாக வாசிக்கப்பட்டது. வயலுக்கு முப்பத்திரண்டு சொற்கள். மைல்ஸின் பெண்மணி கடைசியில் ஜெயித்துவிட்டார் என்று தோன்றியது எனக்கு. நான் விரும்பி வாசித்த புத்தகம்தான். நிலத்தைப் பற்றிய அறிவு சொல்லோடு சேர்ந்து போய்விடுகிறது என்ற அவருடைய பதைப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லுக்கு நாற்பது அர்த்தம் என்று சிரிப்பதும், ஒரு பொருளுக்கு முப்பத்திரண்டு சொல் என்று உருகுவதும் ஒரே கடையில் நின்றுகொண்டு செய்கிற காரியங்கள். ரெண்டிலும் விலைச்சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. எண்ணிக்கை வந்ததும் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது.

1643இல் லுவேன் நகரத்தில் மீஹால் ஓ க்ளேரி என்ற பிரான்சிஸ்கன் துறவி ஒரு சின்ன அகராதி அச்சிட்டார். பழைய, கடினமான ஐரிஷ் சொற்களுக்கு ஐரிஷிலேயே பொருள் சொன்ன அகராதி. மைல்ஸ் காலத்தில் ஒரு சாதாரண வாசகன் இன்றைய ஐரிஷுக்கு அப்படி ஒன்றைத் தேடியிருந்தால் டினீனின் ஆங்கிலத்திடம்தான் போயிருக்க வேண்டும். 1977இல் நீல் ஓ டோனலின் பெரிய அகராதி வந்தது. அருமையான உழைப்பு, ஆனால் அதுவும் ஐரிஷ்-ஆங்கிலம்தான். ஐரிஷுக்கு ஐரிஷில் பொருள் சொல்லும் ‘அன் ஃபொக்லோர் பெக்’ 1991இல் வந்தது. அதன் பெயருக்கே சின்ன அகராதி என்றுதான் அர்த்தம்.

ஒரு மொழி தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்ளும்போது குர் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்தது. ஐரிஷில் மழை என்ற சொல்லைச் சேர்க்காமலே, அது குர் செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். கால்வே பக்கம் ஒரு சமையலறையில் ஜன்னலோரம் நிற்கிறவர் அதைச் சொல்கிறார். விதைப்பதா, புதைப்பதா, அனுப்புவதா என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே இருக்கிற ஆள் எழுந்துபோய்க் கொடியில் காய்கிற துணியை எடுக்கிறார்.